முக்குளிப்பு: ஜீவனத் தொழிலா, பொழுதுபோக்கா?

 

இம்மாத வாலிபர் பாடத்துக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். கோல சிலாங்கூரில் மளிகைக்கடை வைத்திருப்பவனுக்கும் கடலுக்கடியில் முக்குளிப்பதற்கும் என்ன சம்பந்தம்? நம் ஆற்று முகத்துவாரத்துத் தண்ணீர் தேநீர் நிறம். பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் கையை நீருக்குள் விட்டால் விரல் நுனி தெரியாது. இங்கே முக்குளித்து எதைக் காண்பது என்று கேட்பீர்கள். ஆயினும் அந்தக் கேள்வி என் கடை வாசலுக்கே வந்துவிட்டது. வந்த கேள்விக்கு விடை தேட வேண்டியதாயிற்று.

1. கேள்வி பிறந்த விதம்

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, புக்கிட் ரோத்தான் பக்கத்திலிருந்து ஒரு தாய் கடைக்கு வந்தார். தோட்டத்துக் கடை நடத்திய அவர் கணவர் மவுத்தாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகன் செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறான். வயது இருபத்துமூன்று. அவன் நண்பர்களோடு பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய், நான்கு நாள் ஸ்கூபா பயிற்சி முடித்து, ஓர் அட்டையும் வாங்கி வந்திருக்கிறான். வந்ததிலிருந்து அவனுக்கு நிலத்தில் கால் பாவவில்லை.

"காக்கா, வேலையை விட்டுட்டு அந்தத் தீவுலேயே இருந்து முக்குளிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலைக்குப் போறேங்கிறான். நீங்கதான் அவனுக்கு ரெண்டு நல்ல வார்த்தை சொல்லணும்" என்றார் அந்தத் தாய்.

"போகாதே" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்வது அழகன்று. ஒரு வாரம் தவணை கேட்டேன். படித்தவர்களிடம் விசாரித்தேன், புத்தகங்களைப் புரட்டினேன், அந்தப் பிள்ளையிடமே பலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த ஒரு வாரப் படிப்பே இந்தப் பாடம்.

2. கடல் நமக்கு விலக்கப்பட்டதா?

முதலில் மார்க்கத்தைப் பார்ப்போம். மனிதன் கடலிலிருந்து பசுமையான மாமிசத்தை உண்ணவும், அணியும் ஆபரணத்தை வெளியே எடுக்கவும் வல்ல அல்லாஹ் கடலை வசப்படுத்தித் தந்திருக்கிறான் என்ற கருத்து திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயத்தில் வருகிறது. நபி சுலைமான் (அலை) அவர்களுக்குப் பணி செய்தவர்களில் கட்டடம் கட்டுவோரோடு முக்குளிப்போரும் இருந்தனர் என்பது 38ஆம் அத்தியாயத்தில் உள்ளது. ஆகவே முக்குளிப்பதில் இழிவும் இல்லை, விலக்கும் இல்லை. கையால் உழைத்து உண்பதே மேலான உணவு என்ற நபிமொழி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. கை உழைப்பு நிலத்தின் மேல்தான் நடக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. அதே சமயம், தன் கையாலேயே தன்னை அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையும் திருமறையின் 2ஆம் அத்தியாயத்தில் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் நம் கேள்வி நிற்கிறது.

3. நம் முன்னோர் முக்குளித்த கதை

இந்தத் தொழில் நமக்குப் புதிதன்று. நம்மில் பலருடைய பூர்வீகம் கீழக்கரை, காயல்பட்டினம், இராமநாதபுரம் சீமை. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்களில் பரதவர்களோடு கீழக்கரை முஸ்லிம்களும் பேர் பெற்றவர்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் அக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, வியாபாரிகள் குளியாட்களைக் கூலிக்கு அமர்த்துவதையும், எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கும், இருபதில் ஒரு பங்கு சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கும் போவதையும் குறித்துள்ளார். பிற்காலத்தில் இந்த மந்திரக்காரரைக் 'கடல்கட்டி' என்றார்கள். கடலுக்குள் இறங்குகிறவனுக்கு எத்தனை பயம் இருந்திருந்தால் அப்படி ஓர் உத்தியோகமே உண்டாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

குளியாள் இடுப்பில் கூடை, காலில் கல், கையில் கயிறு. கல்லின் பாரத்தால் அடிமட்டத்துக்குப் போவான். ஒரு நிமிஷம், கூடினால் ஒன்றரை நிமிஷம் மூச்சடக்கிச் சிப்பிகளைக் கூடையில் அள்ளுவான். கயிற்றை ஆட்டியதும் படகில் இருப்பவன் தூக்கிவிடுவான். ஆழம் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாகம், அதாவது 9 முதல் 18 மீட்டர்.

இலங்கைக் கரையில் அரசாங்கம் நடத்திய முத்துச் சலாபத்தில் எடுத்த சிப்பியில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளியாட்களுக்கு. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அந்தச் செழிப்பைக் கண்டு 1906இல் லண்டன் கம்பெனி ஒன்று 20 ஆண்டுக் குத்தகைக்கு அந்தப் பாறுகளை எடுத்தது. சில ஆண்டுகளுக்குள் சிப்பி அற்றுப்போய்க் கம்பெனியும் கலைந்தது. அப்புறம் ஜப்பானில் மிக்கிமோட்டோ என்பவர் 1893இல் தொடங்கி வைத்த வளர்ப்பு முத்து, 1920களில் உலகச் சந்தையை நிறைத்தது. தூத்துக்குடிப் பக்கம் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு அங்கே முத்துக்குளிப்பு ஓய்ந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குளியாளின் திறமையில் குறைவில்லை. அவன் மூச்சும் குறையவில்லை. ஆனால் அவன் ஜீவனம் சிப்பியின் விளைச்சலையும் சந்தையின் மனத்தையும் நம்பி இருந்தது. இரண்டும் அவன் கையில் இல்லை.

4. முன்பணம் என்னும் கல்

இன்னும் கடுமையான பாடம் பாரசீக வளைகுடாவிலிருந்து கிடைக்கிறது. பஹ்ரைன், குவைத் நாடுகளில் எண்ணெய் கிடைப்பதற்கு முன்னர் முத்துக்குளிப்பே பெருந்தொழில். குளிப்புக் காலம் தொடங்குமுன் படகுத் தலைவனிடம் குளியாள் முன்பணம் வாங்குவான். குடும்பம் அதில் சாப்பிடும். காலம் முடிந்து கணக்குப் பார்த்தால் கடன் மிச்சமிருக்கும். அடுத்த காலமும் அதே படகில் ஏற வேண்டும். தகப்பன் இறந்தால் கடனை அடைக்க மகன் குளித்த கொடுமையும் நடந்தது. ஒவ்வொரு குளியாளுக்கும் தனிக் கணக்குப் புத்தகம் தரவேண்டும் என்ற சீர்திருத்தம் பஹ்ரைனில் 1920களில்தான் வந்தது.

பற்று வரவு எழுதிப் பழகியவன் நான். எனவே இந்த இடம் என் மனத்தில் தைத்தது. நம் தோட்டத்து மக்களில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பல் செலவைக் கடனாகத் தலையில் சுமந்து ஒப்பந்தக் கூலியாக வந்தவர்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் நிறுத்தப்பட்டது. முன்பணம் வாங்கியவன் மழை என்றாலும் ஜுரம் என்றாலும் "இன்று வேண்டாம்" என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் அப்படிச் சொல்ல முடியாதவனுக்கு ஒருநாள் உடம்பு நோகும். கடலில் அப்படிச் சொல்ல முடியாதவனுக்கு உயிரே போகும்.

5. ஆழத்தில் நடப்பது என்ன?

ஏன் உயிர் போகும்? இதைச் சற்று விளக்க வேண்டும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் நிலத்தில் நம்மேல் உள்ள காற்றழுத்தத்தின் அளவு இன்னொரு மடங்கு கூடுகிறது. 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20இல் மூன்று மடங்கு, 30இல் நான்கு மடங்கு. அழுத்தம் கூடினால் காற்று சுருங்கும், குறைந்தால் விரியும். 10 மீட்டர் ஆழத்தில் சிலிண்டர்க் காற்றை நெஞ்சு நிறைய இழுத்துவிட்டு, மூச்சை அடக்கியபடி மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். மூச்சடக்கிக் குளித்த நம் முன்னோருக்கு இந்த ஆபத்து இல்லை, ஏனெனில் அவர்கள் காற்றை மேலேயே இழுத்துக்கொண்டு போனார்கள். 1943இல் பிரெஞ்சுக்காரர்களான கூஸ்தோவும் காஞானும் செய்த கருவி, கடலுக்கடியிலேயே மூச்சுவிடும் வசதியைத் தந்தது. வசதியோடு இந்த ஆபத்தும் வந்தது.

இன்னொன்று, காற்றில் உள்ள நைட்ரஜன். ஆழத்தில் அது இரத்தத்திலும் தசையிலும் கரைந்துகொள்ளும். என் கடையில் சோடா புட்டியைப் பார்த்திருக்கிறீர்கள். மூடியிருக்கும்வரை ஒரு குமிழியும் தெரியாது. சட்டென்று திறந்தால் பொங்கும். முக்குளித்தவன் அவசரமாக மேலே வந்தால் அவன் உடம்பிலும் அப்படியே குமிழிகள் கிளம்பும். மூட்டு வலியில் தொடங்கிக் கால் முடங்குவதும் உண்டு, மரணமும் உண்டு. இதை 1878இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர் விளக்கினார். 1908இல் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆடுகளை வைத்துச் சோதித்து, எவ்வளவு ஆழத்திலிருந்து எப்படி நின்று நின்று மேலே வரவேண்டும் என்று அட்டவணை வகுத்தார். இந்நோய்க்கு மருந்து அழுத்த அறைச் சிகிச்சை. நமக்கு வடக்கே பேராக்கில் லுமுட் கடற்படைத் தளத்து இராணுவ மருத்துவமனையில் அந்த அறை உண்டு. ஆனால் கிழக்குக் கரைத் தீவில் விழுந்தவனை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் தூரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. பொழுதுபோக்காகச் செய்வோன்

அந்தப் பிள்ளை வாங்கிய முதல் அட்டைக்கு 18 மீட்டர்வரை இறங்கலாம். அடுத்த படியில் 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் கடைசி எல்லை 40 மீட்டர். துணையின்றி இறங்கக் கூடாது. மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். முக்குளித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. இவையெல்லாம் அவன் எனக்குச் சொல்லித் தந்தவை.

அவன் சொன்னவற்றில் ஒன்று மட்டும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"மாமா, எங்களுக்குள்ள ஒரு வழக்கம் இருக்கு. யார் வேணும்னாலும், எப்ப வேணும்னாலும், காரணமே சொல்லாம, 'நான் இறங்கலை'ன்னு சொல்லலாம். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது."

"பணம் கட்டிட்டியே?"

"பணம் போனாப் போகுது மாமா."

சகோதரர்களே, பொழுதுபோக்கின் பெரிய செல்வம் இதுவே. மீனின் அழகும் பவளத்தின் நிறமும் அதற்குப் பிறகுதான். "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவன் கையில் இருக்கிறது.

7. தொழிலாகச் செய்வோன்

தொழிலில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்வதும் கற்றுக்கொடுப்பதும். உலகில் பரவலான பாடி அமைப்பின் விதிப்படி, வழிகாட்டியாக 18 வயதும் குறைந்தது 60 முக்குளிப்புகளும் வேண்டும். ஆசிரியராக 100 முக்குளிப்புகளும் தனித் தேர்வும் வேண்டும். இன்னொரு வகை, கப்பலடியைச் சோதிப்பது, நீருக்குள் வெல்டிங் செய்வது, எண்ணெய் மேடைகளில் பழுது பார்ப்பது. இதற்குத் தனிப் பயிற்சியும் தனிச் சான்றிதழும் உண்டு. சுற்றுலா அட்டையைக் காட்டி அந்த வேலைக்குப் போக முடியாது. அங்கே முக்குளிப்பு என்பது வேலைக்குப் போகும் பாதை மாத்திரமே. நீருக்குள் போய்ச் செய்யத் தெரிந்த கைத்தொழிலுக்குத்தான் சம்பளம்.

முதல் வகையின் கஷ்டங்கள் வெளியே தெரிவதில்லை. பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவக்காற்று. பெரும்பாலான விடுதிகள் அடைபட்டுவிடும். அந்த மாதங்களில் வயிறு மட்டும் அடைபடாது! அடுத்து, பருவகால ஆளாக, நாள்கூலியாக வைத்துக்கொள்ளும் முதலாளிகள் உண்டு. அங்கே ஈபிஎஃப், சொக்சோ கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெளிய வேண்டும். பயணி தன் இன்பத்துக்காக நாளொன்றுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ இறங்குவார். அவரை அழைத்துச் செல்கிறவன் படகு போகும் ஒவ்வொரு தடவையும் இறங்க வேண்டும். சளி பிடித்துக் காது அடைத்திருந்தாலும் இறங்கச் சொன்னால், செவிப்பறை கிழியும்.

ஏழ்மையும் முக்குளிப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடிச் சங்குக் குளியாட்களே சாட்சி. மூச்சடக்கிக் குளித்த காலம் போய், காற்றழுத்த இயந்திரத்தில் நீண்ட குழாய் பொருத்தி அதன் வழியே மூச்சுவிட்டுக் குளிப்பவர்கள் அங்கே உண்டானார்கள். அட்டவணை தெரியாமல் நெடுநேரம் அடியில் இருந்து, விரைந்து மேலே வந்து, கால் விழுந்தவர்களும் மாண்டவர்களும் உண்டு. வீரத்தில் குறைந்தவர்களா அவர்கள்? அன்றைய சங்கை விட்டால் அன்றைய அரிசி இல்லை. "வேண்டாம்" என்ற சொல்லுக்கு அவர்களிடம் விலை இல்லாமல் போயிற்று.

8. மார்க்க அறிஞர் சொன்ன நுட்பம்

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு 'ளர்பத்துல் காயிஸ்' என்ற சொல் நினைவிருக்கலாம். "நான் ஒரு தடவை குளிக்கிறேன், எது வந்தாலும் இவ்வளவு பணத்துக்கு உனக்கு" என்று விற்பதே அது. குளியாளின் முழுக்கை இப்படி வாங்குவதைத் தடுக்கும் நபிமொழி இப்னு மாஜாவில் அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) வழியாக வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று அறிஞர் சொல்லியிருக்கின்றனர். ஆயினும் நிச்சயமற்றதை விற்கும் 'கரர்' வியாபாரம் கூடாது என்ற பொது விதி ஸஹீஹ் முஸ்லிமில் உறுதியாக உள்ளது. ஆகவே பிக்ஹு அறிஞர்கள் கரருக்கு உதாரணமாகக் குளியாளைக் காட்டினார்கள்.

குளியாளைக் கூலிக்கு அமர்த்துவது கூடும். வேலை இன்னது, காலம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று தெளிவாக இருக்க வேண்டும். இந்த விதியை இன்றைய தீவு வேலைக்கும் பொருத்திப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட பேச்சு என்ன தெரியுமா? "பயிற்சிக்குக் காசு கட்ட வேண்டாம். ஒரு பருவம் சம்பளமில்லாமல் வேலை செய். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்." எத்தனை மணி நேரம்? எத்தனை மாதம்? காயம்பட்டால் யார் பார்ப்பது? எதற்கும் எழுத்து இல்லை. அது பழைய முன்பணக் கல்லேதான், பெயர் மட்டும் புதிது என்று எனக்குத் தோன்றியது.

9. பொழுதுபோக்கு அற்பமா?

அப்படியானால் பொழுதுபோக்கு என்பது வெறும் விளையாட்டுத்தானா? இதற்கு விடை தாய்லாந்தில் இருக்கிறது. 2018 ஜூன் 23ஆம் நாள் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்கள் பந்துப் பயிற்சியாளரும் வெள்ளத்தில் சிக்கினர். ஜூலை 2ஆம் நாள் அவர்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த ஸ்டான்டனும் வொலாந்தனும். முன்னவர் தீயணைப்புப் படையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். பின்னவர் கணினித் தொழில் செய்பவர். குகையில் முக்குளிப்பது இருவருக்கும் பொழுதுபோக்கு. சிறுவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து வெளியே கொண்டுவர வழிசெய்த ஹாரிஸ் ஆஸ்திரேலிய மருத்துவர். அவருக்கும் குகை முக்குளிப்பு பொழுதுபோக்கே. 13 பேரும் ஜூலை 10க்குள் பிழைத்து வந்தனர். அந்தப் பணியில் காற்றுச் சிலிண்டர்களை வைத்துவிட்டுத் திரும்பும் வழியில், முன்னாள் கடற்படை வீரர் சமான் குனான் ஜூலை 6ஆம் நாள் உயிர் துறந்தார். கைதேர்ந்தவரையும் தண்ணீர் விடுவதில்லை.

சோறு ஒரு தொழிலில் இருந்து வந்தது. ஆண்டுக்கணக்கான பிரயாசையும் சிரத்தையும் பொழுதுபோக்கில் சேர்ந்தன. நாள் வந்தபோது அது பதின்மூன்று உயிருக்குப் பயன்பட்டது. அவசரமின்றி, கடனின்றிக் கற்ற கல்வி வீண்போகாது.

10. முடிவு

ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளை வந்தான். "போகாதே என்று சொல்லத்தான் போறீங்க" என்று முன்னமே முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். நான் அப்படிச் சொல்லவில்லை.

"கடன்பட்டுப் போகாதே. எழுத்தில்லாமப் போகாதே. உம்மா துஆ இல்லாமப் போகாதே. ஆலை வேலையில இருந்துக்கிட்டே லீவுல போய் அறுபது தடவை முங்கி எழு. காற்று நிரப்புற இயந்திரத்தையும் படகு இன்ஜினையும் பழுது பார்க்கக் கத்துக்க. ஃபிட்டருக்குத் தெரியாதா? அப்ப மழைக்காலத்துலயும் உனக்கு வேலை இருக்கும். அதுக்கப்புறமும் ஆசை இருந்தா, நானே உன்னைப் பஸ் ஏத்தி விடுறேன்."

அவன் சும்மா விடவில்லை. "மாமா, நீங்க மட்டும் லாபம் நிச்சயம்னு தெரிஞ்சா கடை வச்சீங்க?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். "நிச்சயம் தெரியாதுதான் வாப்பா. ஆனா கடையில நஷ்டம் வந்தா மறுநாள் கதவைத் திறக்கலாம். தண்ணிக்குள்ள வர்ற நஷ்டத்துக்கு மறுநாள் இல்லை" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

சில மாதங்களுக்குப் பின் அவன் தாயார் கடைக்கு வந்தார். மகன் தியோமானுக்குப் போயிருந்தானாம். பணம் கட்டியாகிவிட்டது, படகும் போய்விட்டது. அன்று அவனுக்கு மூக்கடைப்பு. எல்லோரும் இறங்க, "நான் இறங்கலை" என்று படகிலேயே உட்கார்ந்துவிட்டானாம்.

"காசு போச்சேன்னு வருத்தமா இருந்துச்சு காக்கா. அப்புறம் நினைச்சுப் பார்த்தேன், புள்ளை வீடு வந்து சேர்ந்துட்டானே" என்றார்.

அல்ஹம்துலில்லாஹ். கணக்குப் பார்க்கத் தெரிந்த தாய்!

மதரஸா மாணவரும் வாலிபரும் சிந்திக்க:

1. குளியாளின் முழுக்கை விற்பதற்கும் குளியாளைக் கூலிக்கு அமர்த்துவதற்கும் என்ன வித்தியாசம்?
2. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் எத்தனை மடங்கு? மேலே வரும்போது மூச்சை ஏன் அடக்கக் கூடாது?
3. பத்தாங் பெர்ஜுந்தைப் (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) பழைய ஈயக் குட்டைகளில் நண்பர்கள் "குதி, குதி" என்று தூண்டும்போது, "நான் இறங்கலை" என்று சொல்ல உங்களில் எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு?
4. நீங்கள் போக நினைக்கும் வேலையில் "இன்று வேண்டாம்" என்று சொல்ல முடியுமா? முடியாதென்றால், அதற்குக் காரணம் வேலையா, நீங்கள் வாங்கிய கடனா?

நம் பிள்ளைகளுக்கு ஹலாலான ஜீவனத்தையும், அதைத் தேடும் வழியில் பாதுகாப்பையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.